செம்புக் கவ்விக்கு ஒரு பேட்டண்ட்

டைப் அடித்துப் பிழைப்பது என்றால் அடுத்தவர் துக்கத்தை மூன்று காப்பி எடுப்பது என்று அர்த்தம். ஒன்று சர்க்காருக்கு, ஒன்று கட்சிக்காரருக்கு, ஒன்று நம் பெட்டிக்கு. கார்பன் மை ஒட்டிய விரலோடு சோறு பிசைந்தவர்களும், "இப்பவே வேணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்ற குரலைக் கேட்டாலே முதுகு வலிக்கிறவர்களும் என் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

ஐம்பதுகளில் தென்காசி முன்சீப் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா. முன்னறையில் ஒரு பழைய மெஷினைப் போட்டு நான் டைப் அடித்தேன். டைப் அடிக்கிற பொம்பளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஊருக்குத் தெரியவில்லை. அதனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தாத நான் எல்லோருக்கும் டீச்சர் ஆனேன். எத்தனையோ மனுக்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். மறக்க முடிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு வரி கூடுதல்

கடையத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு மூன்று மனு போட்டும் பதில் இல்லை. நாலாவது மனுவை அடித்து முடித்தேன். எழுந்து போகும்போது, "கம்பம் என்னமோ எங்க வயலுக்குப் பக்கத்துலதான் நிக்கி. போன வாரம் அதுல உரசித்தான் எங்க பசு செத்துச்சு" என்று பேச்சுவாக்கில் சொன்னார். உட்காருங்கள் என்றேன். தாளை மறுபடி மெஷினில் ஏற்றி, "மனுதாரரின் வயலுக்கு அருகிலேயே மின்சாரம் இருக்கிறது என்பதற்கு இறந்துபோன அவரது பசுவே அத்தாட்சி" என்று இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தேன்.

இரண்டே மாதத்தில் கரண்ட் வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த மனுவானாலும் முடிவில் அத்தாட்சியாக ஒரு வரி சேர்ப்பது என் வழக்கமாயிற்று. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கடையத்துக்காரர் ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வந்து சொன்னார்: "நான் சொன்ன மூணு பக்கத்துக்கு ஒருத்தனும் அசையல. டீச்சர் சேத்த ஒத்த வரிக்குத்தான் கம்பி இழுத்தான்."

தீப்பெட்டிக்குள் வந்தது

சாகுல் பாய் குற்றாலம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். கிட்டே வந்தால் வார்னிஷ் வாசம் அடிக்கும். ஒரு நாள் மத்தியானம் வந்து, என் மேஜைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து, பாதிச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு செம்புத் துண்டு. ஒரு பக்கம் குழல். மறுபக்கம் தட்டையாக, நடுவில் ஓட்டையோடு காது மாதிரி இருந்தது.

"இதுக்குக் கவ்வின்னு பேர் வச்சிருக்கேன்" என்றார். கரண்ட் கம்பியின் நுனியை முறுக்கி, ஸ்குருவில் சுற்றி இறுக்குவதுதான் அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். கொஞ்சம் நல்ல வேலைக்காரர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைப்பார். மோட்டார் அதிர அதிர முறுக்கு தளர்ந்துவிடும். சாரல் காலத்தில் ஸ்குரு பச்சை பூத்துவிடும். சாகுல் பாய் செய்தது வேறு. கம்பியைக் குழலுக்குள் நுழைத்து, அவரே அடித்துச் செய்த ஒரு இடுக்கியால் அழுத்தினால் செம்பு நசுங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். குழலுக்கு உள்பக்கம் சாய்வாக இரண்டு பள்ளம் வெட்டியிருந்தார். அதனால் கம்பியை இழுத்தால் கழல்வதற்குப் பதிலாக இன்னும் இறுகும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உத்தரத்துக் கொக்கியில் ஒரு தடித்த கம்பியைக் கட்டினார். மறுநுனியில் கவ்வியை அழுத்தி, அதன் காதில் ஒரு போல்ட்டை மாட்டி, அதில் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டார். பிறகு அம்மிக் குழவி. பிறகு இரண்டையும் இறக்கிவிட்டு, அவரே போல்ட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கிவிட்டார். வீடே கிரீச்சிட்டது. "போதும் பாய், இறங்குங்க" என்று நான் கத்த, தொங்கினபடியே சொன்னார்: "உத்தரம்தான் முனங்குது டீச்சர். கவ்வி சத்தமே காட்டல பாருங்க."

உனக்குச் சொந்தமானது எது

அவருக்கு வேண்டியது பேட்டண்ட். அதாவது, இது இன்னார் கண்டுபிடித்தது, இவரைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக்கூடாது என்று சர்க்கார் எழுதிக் கொடுக்க வேண்டும். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "கண்டவனும் மெல்லிசுத் தகட்டுல செஞ்சு விப்பான். அது கழறும். கழண்டா ஆளு சாகும். உரிமை எங்கிட்ட இருந்தா, இப்படித்தான் செய்யணும்னு சொல்லலாம்லா" என்றார். விண்ணப்பம் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதாக எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒரு வக்கீல் வீட்டு அலமாரியிலிருந்து பழைய சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தார். அதை வைத்துக்கொண்டு நானும் பாயும் மூன்று வாரம் உட்கார்ந்தோம்.

புத்தகம் கேட்டது ஒரே கேள்விதான். இதில் உனக்கு மட்டும் சொந்தமானது எது? ஒரே வாக்கியத்தில் சொல். முதலில் நான் அரைப்பக்கத்துக்கு ஒரு வாக்கியம் அடித்தேன். பாய் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். "செம்பு நான் உண்டாக்கினதில்ல, எடுத்துருங்க." "குழல் முன்னாலயே உண்டு. ஈயம் ஊத்துதவன் வச்சிருக்கான்." "அமுக்குதது என்னுதுன்னு எப்படிச் சொல்ல? கொடத்துக்கு வளையம் போடுத பாத்திரக்காரனும் அமுக்கத்தான செய்யுதான்." என் வாக்கியம் தேய்ந்துகொண்டே போயிற்று.

நான் அதுவரை பார்த்த கட்சிக்காரர்கள் எல்லாம் அடுத்தவன் வரப்பையும் சேர்த்து எழுதச் சொல்கிறவர்கள். தன்னுடையதைக் குறைத்துக்கொண்டே வந்த ஒரே ஆள் இவர்தான். கடைசியில் தாளில் மிச்சம் இருந்ததை என்னைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "சரியாப் போச்சு. அந்த ரெண்டு பள்ளம்தான் டீச்சர் என்னுது. மத்ததெல்லாம் ஊர்ச்சொத்து."

கோமதி வீட்டுக் கிணறு

இதைச் செய்ய வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. அதைக் கேட்டதும் பாய் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் வந்து, "கீழப்பாவூர் வரைக்கும் ஒரு நட வாங்க டீச்சர்" என்றார். என் வீட்டுக்காரரும் கூட வர, மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அங்கே வயலுக்கு நடுவில் ஒரு கிணறு, பக்கத்தில் ஓட்டுச் சாய்ப்பில் மோட்டார். கோமதி என்று ஒரு பெண் எங்களை எதிர்பார்த்து நின்றாள். முப்பது வயதுதான் இருக்கும், நெற்றி வெறுமையாக இருந்தது.

அவளே சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவள் புருஷன் சுப்பையா தண்ணீர் பாய்ச்ச வந்தான். ஸ்குருவில் முறுக்கியிருந்த கம்பி தளர்ந்து நழுவி, மோட்டார் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. ஈரத் தரையில் நின்று மோட்டாரைத் தொட்டான். அவ்வளவுதான். அந்தக் கம்பியை மூன்று மாதம் முன்னால் முறுக்கிவிட்டுப் போனவர் சாகுல் பாய். அவள் சொல்லும்போது பாய் சாய்ப்புக்கு வெளியே வயலைப் பார்த்தபடி நின்றார். ஊரில் சிலர் போலீசுக்குப் போகச் சொன்னார்களாம். அவள் போகவில்லை. பதினாறாம் நாள் பாய் வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தாளாம்.

எட்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார், கவ்வியோடு. அந்த மோட்டாரிலேயே மாட்டினார். தரையில் தண்ணீரைக் கொட்டி, வெறுங்காலோடு நின்று, ஓடுகிற மோட்டாரின்மேல் தன் உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். பிறகு அவளைக் கூப்பிட்டார். அவளும் வைத்தாள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் எங்களுக்கும் என்று கேட்க, சும்மாவே மாட்டிக்கொடுத்தார். மொத்தம் பன்னிரண்டு கிணறு.

கோமதி சுவிட்சைப் போட்டுக் காட்டினாள். தண்ணீர் பீறிட்டு வந்தது. என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்பம் நானே சுவிட்சு போடுதேன். கை நடுங்கல. பன்னெண்டு கெணத்துலயும் இதுதான் ஓடுது. இதையும் ஒங்க இங்கிலீசுல எழுதிக்கிடுங்க டீச்சரம்மா."

தபாலாபீசில்

எழுதிக்கொண்டேன். விண்ணப்பத்தின் முடிவில், என் வழக்கப்படி, அத்தாட்சியாக ஒரு வரி: "மேற்படி கவ்வி இரண்டு பருவமாகப் பன்னிரண்டு கிணறுகளில் எல்லோரும் பார்க்கப் பயனில் இருக்கிறது, ஒன்றுகூடக் கழன்றதில்லை." என் வாழ்க்கையில் நான் அடித்த நல்ல வரிகளில் அது ஒன்று என்று அன்றைக்கு நினைத்தேன்.

ரிஜிஸ்தர் செய்யப் போனபோது கவுண்டரில் இருந்தவர் கவரைத் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். பாய் கொஞ்சமும் யோசிக்காமல் "ரெண்டு பள்ளம்" என்றார். அவர் தபால்தலைகளை ஒவ்வொன்றாக ஈரம் தொட்டு ஒட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பள்ளத்துக்கா கல்கத்தா? எங்க தெருவுக்கு வாங்க பாய், ஏழு கெடக்கு."

கடல் தாண்டி ஒரு படம்

ஒரு வருஷம் போல ஆன பிறகு பதில் வந்தது. உங்களுடையதைப் போன்றது ஏற்கெனவே வெளிநாட்டில் ஒருவரால் எழுதி அச்சாகியிருக்கிறது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள். அந்த வெளிநாட்டுப் படத்தின் நகலையும் எழுதி வாங்கினோம். நான் பயந்துகொண்டே அதைப் பாயிடம் கொடுத்தேன். எவ்வளவோ கட்சிக்காரர்கள் எதிர்ப்பதில் மனுவைப் படித்ததும் என் மெஷினையே தள்ளிவிடப் பார்த்திருக்கிறார்கள்.

பாய் அந்தப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். குழல் இருந்தது, காது இருந்தது, அழுத்துவதும் இருந்தது. உள்ளே சாய்வுப் பள்ளம் மட்டும் இல்லை. நம் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது என்று நான் உற்சாகமாகச் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. படத்தில் இருந்த கம்பியின்மேல் விரலை வைத்துத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த ஊர்லயும் எவனோ ஒருத்தன் மோட்டாரைத் தொட்டுச் செத்திருக்கான் டீச்சர்."

கெஜட்டில் பேர்

வித்தியாசம் அந்த இரண்டு பள்ளம்தான் என்று விளக்கி எழுதினோம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று கெஜட்டில் வந்தது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நாலு மாதத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேட்டண்ட் அவருக்கு.

புத்தகம் இரவல் கொடுத்த வக்கீலின் ஆபீசில் வைத்து அந்தக் கெஜட்டைப் பாய்க்குக் காட்டினேன். ஊசிமுனை எழுத்தில் அவர் பேரும் தகப்பனார் பேரும் ஊரும் இருந்தன. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எந்த எழுத்து எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருடைய சம்சாரத்துக்குக் காட்ட வேண்டும் என்று அந்த வரியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே போனவர் திரும்பி வந்து, வாசலில் நின்றுகொண்டு கேட்டார்: "இதுல கோமதி வீட்டுக்காரர் பேரு போடுததுக்கு எடம் இருக்கா டீச்சர்?"

ஆட்சேபம்

நாலு மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது வடக்கேயிருந்து ஒரு கம்பெனியின் ஆட்சேபம் வந்தது. பேர் வேண்டாம். அவர்களும் அதே மாதிரி சாமான் செய்யத் தயாராகிக்கொண்டிருந்தார்கள் போல. பத்துப் பக்கம் இருந்தது. ஒன்பது பக்கம் வெறும் வாதம், பதில் சொல்லிவிடலாம். கடைசிப் பக்கம் அப்படி இல்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே ஒரு பொருள் ஊரறியப் பயனில் இருந்தால், அது புதியது ஆகாது. புதியது அல்லாததற்குப் பேட்டண்ட் கிடையாது. இது சட்டம். கீழப்பாவூர்க் கிணறுகளைப் பற்றிக் கல்கத்தாவில் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தது. என்னுடைய வரியை எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போட்டு, "விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டபடி" என்று அடியில் கோடும் போட்டிருந்தார்கள்.

அந்தச் சட்டம் நான் மூன்று வாரம் படித்த அதே புத்தகத்தில்தான் இருந்தது. தொழிற்சாலைக்காரர்களுக்கானது, நமக்கு இல்லை என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன். என் வீட்டுக்காரர் கோர்ட்டிலிருந்து வந்ததும் காகிதத்தை நீட்டினேன். சட்டையைக் கூடக் கழற்றாமல் படித்தார். எனக்கு ஆறுதல் சொல்வார் என்றுதான் காத்திருந்தேன். படித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, ஒன்ன யாரு இந்த வரியப் போடச் சொன்னா?"

எண்ணெய் தேய்த்த வக்கீல்

மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பாயிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் காயில் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "அது பொய்யா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் விடுங்க" என்றார். எனக்குத்தான் விட முடியவில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு மெட்ராஸிலிருந்து பெரிய வக்கீல் ஒருவர் வந்து பங்களாவில் தங்கியிருக்கிறார், இந்த மாதிரி கேஸ்கள் நடத்துகிறவர் என்று கேள்விப்பட்டு, பாயை இழுத்துக்கொண்டு போனேன்.

அருவியில் குளிக்கப் போவதற்காக உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். நல்ல மனிதர். எண்ணெய்க் கை படாமல் காகிதத்தை என்னையே பிடித்துக்கொள்ளச் சொல்லி முழுவதும் படித்தார். அந்த வரியை இப்போது எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். "ஊரே படிச்சாச்சேம்மா" என்றார். பிறகு பாயைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. சோதனைக்காக மாட்டினா அது கணக்கில்லை. நிக்குமா நிக்காதான்னு தெரியாம, சும்மா பரீட்சை பண்ணிப் பார்க்கத்தான் மாட்டினேன்னு நீ பிரமாணம் எழுது. அந்தக் கிணத்துக்காரம்மாவும் அப்படியே எழுதிக் கொடுக்கட்டும். கட்டாயம் ஜெயிக்கும்னு சொல்லலை. இதை விட்டா வேற வழி இல்லை."

பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார், "நிக்குமான்னு தெரியாம மாட்டலயே சாமி. தெரிஞ்சுதான மாட்டுனேன்." வக்கீல் குரலில் கிண்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது: "உண்மை எதுன்னு நான் கேக்கலைப்பா. அதைத்தான் நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டீங்களே."

கையெழுத்துப் போட வந்தவள்

பாயின் சம்சாரம் மூலமாகக் கோமதிக்கு விஷயம் எட்டிவிட்டது. நாலாம் நாள் காலையில் அவளே தனியாகப் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். "சோதனைன்னு ஒரு வார்த்தை எழுதுனா அண்ணாச்சிக்குக் கெடைச்சிருமாமே. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்றாள். ஒரு வரியால் கெட்டதை இன்னொரு வரியால் சரிசெய்துவிடலாம் என்ற ஆசை எனக்கு. இரண்டு பிரமாணத்தையும் அடித்தேன். அவள் தன்னுடையதில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பாயை வரச் சொல்லி அனுப்பினோம்.

அவர் வந்து, இரண்டையும் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். "நிக்குமா என்று எனக்குத் தெரியாது" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். கோமதி சமாதானம் சொன்னாள், கெஞ்சினாள், கடைசியில் கோபித்தாள். "எம் மாப்பிள்ள போனது போச்சு. இதாவது ஒங்களுக்கு நிக்கட்டும்னுதான சொல்லுதேன்" என்று அழுதாள். பாய் அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார்.

அப்போது அவர் பேசியதுதான் நான் அவரிடமிருந்து கேட்ட நீளமான பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது: "ஈரத்துல வெறுங்கால்ல நிக்க வச்சு, இனி பயமில்ல, தொடுங்கம்மான்னு ஒங்களக் கூப்பிட்டேன். நீங்களும் நம்பித் தொட்டிய. அது சோதனைன்னு இன்னைக்கு எழுதுனா, அன்னைக்கு நான் ஒங்கள வச்சுல்லா சோதிச்சதா ஆயிரும்."

மாதிரிப் பாக்கெட்

பேட்டண்ட் மறுக்கப்பட்டது. கல்கத்தா ஆபீசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சட்டம் அப்படி. கடிதத்தைப் பாயிடம் கொடுத்தபோது வாங்கி இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானாக எடுக்கவும் தைரியமில்லை.

அறுபதுகளில் ஒரு நாள் மேஜை விசிறி ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டுபோயிருந்தேன். பட்டறையில் ஒரு விற்பனைக்காரப் பையன் உட்கார்ந்திருந்தான், வெள்ளைச் சட்டை, தோல்பை. செங்கோட்டை, புளியறை வரைக்கும் எல்லாக் கடையிலும் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். பாக்கெட்டைப் பிரித்து மேஜையில் கொட்டினான். அத்தனையும் கவ்வி. எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. பாய் ஒன்றை எடுத்துக் குழலுக்குள் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். பள்ளம் இருந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தகட்டை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். "கனமாத்தான் போட்டிருக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பையன் பளபளவென்ற இடுக்கி ஒன்றை எடுத்து, எப்படிக் கம்பியை நுழைப்பது, எங்கே பிடித்து அழுத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பாய் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்று. பிறகு இடுக்கியை வாங்கி ஒரே அழுத்தில் மாட்டிக் காட்டினார். பையனுக்கு ஆச்சரியம். "முதல் தடவையிலயே இவ்வளவு சுத்தமா யாரும் போட்டதில்ல. முன்னாடியே பழக்கமா பாய்?" என்றான். சாகுல் பாய் இடுக்கியைத் துடைத்து அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் பழக்கம் உண்டு தம்பி."

இப்போது பாயும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. மெஷின் மட்டும் இருக்கிறது. தப்பாக அடித்ததை அழிக்க ரப்பர் கண்டுபிடித்த மகராசன், சரியாக அடித்துவிட்டதை அழிக்க ஒன்றும் கண்டுபிடிக்காமலே போய்விட்டான்.